சாயம் பார்க்கும் விரல்

மார்ச் மாதம் இரண்டாவது வாரம் போர்ட் பிளேயருக்குச் சென்னைக் கப்பல் வந்தது. வெங்காயமும் உருளைக்கிழங்கும் இறங்கிய அதே கப்பலில் ஆஸ்பத்திரி லேபுக்கு ஒரு பெட்டி சாயப்பொடியும் இறங்கியது. ஒச்சம்மா பொடியைக் கரைத்து மூன்று பாட்டில்களில் ஊற்றி அலமாரி இருட்டில் ஒரு வாரம் பழுக்க வைத்தாள். சாயமும் வாழைத்தார் மாதிரிதான். பழுக்காமல் தொட்டால் பிரயோசனம் இல்லை.

ரத்தத் துளியைக் கண்ணாடிச் சில்லில் இழுத்துத் தேய்த்துக் காயவைத்து, மேலே அந்தச் சாயத்தை ஊற்றிக் கழுவினால்தான் மைக்ராஸ்கோப்பில் அணுக்கள் நிறம் பிடித்துத் தெரியும். புதுச் சாயத்தை எடுத்த எடுப்பில் நோயாளிகளுக்குப் போடக்கூடாது. முதலில் நல்ல ரத்தத்தில் போட்டு, சிவப்பு சிவப்பாகவும் நீலம் நீலமாகவும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இருபது வருடமாக அந்த லேபில் நல்ல ரத்தம் என்றால் ஒச்சம்மாவின் இடதுகை மோதிர விரல்தான்.

பழக்கம் அதற்கும் முந்தியது. நிக்கோபாரில் கச்சால் தீவின் சின்ன ஆஸ்பத்திரியில் மலேரியா ஸ்லைடு பார்க்க அவள் ஒருத்திதான் இருந்தாள். புதுச் சாயம் வந்தால் குத்துவதற்கு வேறு விரல் கிடையாது. சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேயருக்கு மாற்றல் வந்தது. இங்கே எட்டுப் பேர் இருந்தும், பாட்டில் திறக்கிற அன்று எல்லோரும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். ரிஜிஸ்தரில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் நேராக ஒரே வரி இருக்கும். சாயம் நல்லது, ஒச்சம்மா ரத்தம், நார்மல்.

வீட்டிலும் அது ஒரு விளையாட்டு. விரலில் பஞ்சோடு அவள் வந்தால் காத்தமுத்து கேட்பார்:

"என்னா ஒச்சி, நம்ம வூட்டு ரத்தம் இன்னும் நார்மலா?"

"நார்மல்தான். ஒங்க புத்திதான் நார்மல் இல்ல."

அந்த வியாழக்கிழமை முதல் பாட்டிலைத் திறந்து விரலைக் குத்தி, தேய்த்து, சாயம் போட்டு, ஒச்சம்மா மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். எங்கு பார்த்தாலும் ஊதா. ஒரு வட்டத்துக்கு இரண்டோ மூன்றோ இருக்க வேண்டிய வெள்ளையணுக்கள் குவியல் குவியலாகக் கிடந்தன. பெரிது பெரிதாக, முழித்த கண் மாதிரி.

"ச்சே, சாயம் கெட்டுப்போச்சு" என்றாள்.

பக்கத்து ஸ்டூலில் மீனா ஸ்லைடுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வேலைக்கு வந்து மூன்று வருடம். அப்பா அம்மா ராமநாதபுரத்திலிருந்து வந்தவர்கள்.

"புதுப் பொடிக்கா. நேத்துதான பழுத்துச்சு."

"பொடி புதுசு. தண்ணி? மூணு நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணி. டேங்க்ல அடிமண்டிதான் கெடக்கு. அதுல கழுவுனா ஊதாவா வராம என்னா பண்ணும்?"

அவள் பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்தாள். ரிஜிஸ்தரில் 'சாயம் சரியில்லை' என்று எழுதினாள். மறுநாள் காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவினாள். இரண்டாவது பாட்டிலும் அப்படியே வந்தது. அதையும் கொட்டி, ரிஜிஸ்தரில் அதே வரியை மறுபடி எழுதிவிட்டு, சரக்கு மோசம், மாற்றித் தர வேண்டும் என்று ஸ்டோருக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தாள். முப்பத்திரண்டு வருட வேலையில் சாயத்தின் மேல் அவள் எழுதிய முதல் புகார் அது.

ஞாயிற்றுக்கிழமை தூக்குச்சட்டியோடு புரோத்ராபூருக்கு பஸ் ஏறினாள். அங்கே சரிவில் அவர்களுடைய துண்டு நிலம் இருந்தது. பாக்கு மரம் ஏழு, ஒரு கொடுக்காப்புளி, நடுவில் இடுப்புயரம் எழும்பிய சுவர். ஏப்ரல் முப்பதோடு அவளுக்கு வேலை முடிகிறது. மழை மே நடுவில் இறங்கிவிடும். அதற்குள் கூரை ஏற வேண்டும் என்பதுதான் கணக்கு. கூரைத் தகரம் சரக்குக் கப்பலில் வரவேண்டியிருந்தது. கப்பல் இன்னும் சென்னையை விட்டே கிளம்பவில்லை.

ஒச்சம்மா சொந்த வீட்டில் ஒருநாளும் தூங்கியதில்லை. சிலோனில் பிறந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில். கச்சாலில் ரப்பர் தோட்டத்து லயம். கடல் அதைக் கொண்டுபோன பிறகு தகரக் கொட்டகை. அப்புறம் டெலானிபூரில் சர்க்கார் குவார்ட்டர்ஸ். எல்லாம் யாரோ கொடுத்தது, யாரோ திருப்பிக் கேட்கக்கூடியது. கோயம்புத்தூரில் இருக்கும் மகள் புஷ்பா போனில் நச்சரித்துக்கொண்டுதான் இருந்தாள், மெயின்லேண்டுக்கு வந்துவிடுங்கள் என்று. "ஒரு ராத்திரியாச்சும் என் வூட்டுல படுத்துட்டு வர்றேன்டி" என்பதே அவளுடைய ஒரே பதில்.

சரிவேறி வந்தவள் பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். காத்தமுத்து சிமெண்டுக் கையோடு எட்டிப் பார்த்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், பிறகு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இப்போது கொத்தனார் ராக்கப்பனுக்குச் சம்பளமில்லாத கையாள்.

"என்னா ஒச்சி, ரிட்டையர் ஆவுறதுக்குள்ள வண்டி நின்னுப்போச்சு?"

"வெயிலு. சோத்தச் சொமந்துட்டு வர்றவளுக்குத்தான் தெரியும்."

பாக்கு மர நிழலில் தூக்குச்சட்டியைப் பிரித்தார்கள். சோறு, சூரை மீன் குழம்பு, தேங்காய்ச் சம்பல். ராக்கப்பன் குழம்பை வழித்துக்கொண்டே கேட்டான்:

"அக்கா, அடுப்படி ஜன்னல எங்கிட்டு வைக்கணும்? அண்ணன் ரோட்டப் பாத்து வைக்கச் சொல்றாரு."

"ரோட்டுல என்னா இருக்கு? அந்தா, அந்த மலைப் பக்கம் வையி. பெருசா வையி. முப்பத்திரண்டு வருசமா ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு கிட்டத்துல இருக்கறதயே பாத்தாச்சு. இனிமே தூரத்துல உள்ளதப் பாக்கணும்."

"ஜன்னல் பெருசானா மழை உள்ள வரும்க்கா."

"வரட்டுமே. நம்ம வூட்டுக்குத்தான வருது."

காத்தமுத்து சிரித்தார். "கேட்டியா ராக்கப்பா, இவதான் இன்ஜினியரு. சலோ, மலைப் பக்கமே வையி."

எழுந்தபோது அவள் முழங்கைக்குக் கீழே கன்றிப்போன ஒரு நீலத் திட்டு இருந்தது. எங்கே இடித்துக்கொண்டாள் என்று நினைவில்லை. தூக்குச்சட்டியின் காதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை மூன்றாவது பாட்டிலைத் தேடினாள். அலமாரியில் இல்லை. மீனாவின் மேசையில், பாதி தீர்ந்து நின்றது.

"ஏன்டி, டெஸ்ட் பண்ணாம எடுத்துட்டியா?"

"கோவப்படாதீங்கக்கா. காலையில ஓபிடி கூட்டம். பழைய சாயம் சொட்டுக்கூட இல்ல. ஆனா பாருங்க, பன்னெண்டு ஸ்லைடு போட்டுட்டேன், எல்லாம் பளிச்சுனு இருக்கு. ஒங்க தண்ணி கதையெல்லாம் சும்மா."

ஒச்சம்மா ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். அவசரமே படவில்லை. ஒருவருக்குச் சோகை, ஒருவருக்குக் கிருமித் தொற்று, ஒரு குழந்தைக்கு எதுவுமே இல்லை. பன்னிரண்டு பேரின் ரத்தமும் அவரவர் நோயோடு ஒழுங்காக இருந்தது. சிவப்பு சிவப்பாக இருந்தது. நீலம் நீலமாக இருந்தது. சாயத்தில் ஒரு குறையும் இல்லை.

அவள் மறுபடி விரலைக் குத்தினாள். பதின்மூன்றாவது ஸ்லைடை வைத்துக் குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை. இந்த மாதிரி அணுக்களை அவள் இதற்கு முன் எத்தனையோ பேருக்குப் பார்த்திருக்கிறாள். பார்த்ததும் எழுந்துபோய் டாக்டரைக் கூப்பிடுவாள். "சார், ஒரு தடவ வந்து பாருங்க" என்பாள், ஸ்லைடுக்கு உரியவரின் முகம் நினைவுக்கு வராமல் பார்த்துக்கொள்வாள்.

"என்னக்கா, சரியா இருக்கா?"

"நான் தேய்ச்சது தப்பு. கை நடுங்குது."

"ரிட்டையர் ஆவுற கை, அப்படித்தான் இருக்கும்."

ஒச்சம்மா ஸ்லைடை ப்ளீச்சிங் தட்டில் போட்டாள். சாயங்காலம் எல்லோரும் போன பின் அணு எண்ணும் மிஷினில் தன் ரத்தத்தை ஓட்டினாள். பெயர் கேட்ட இடத்தில் 'டெஸ்ட்' என்று அடித்தாள். பத்தாயிரத்துக்குள் இருக்க வேண்டிய வெள்ளையணு எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டி நின்றது. அதைப் பார்த்துவிட்டு அழித்தாள். பிறகு ரிஜிஸ்தரை எடுத்து, 'சாயம் சரியில்லை' என்றிருந்த இரண்டு வரியையும் அடித்து, மேலே 'சாயம் நல்லது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். யார் ரத்தம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டாள். ஸ்டோரைப் பூட்டுவதற்குள் போய் தன் புகார்க் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். அங்கிருந்த எழுத்தர், "க்யா தீதி, ஜாதே ஜாதே மாஃப் கர் தியா?" என்று கேட்டார், போகிற நேரத்தில் மன்னித்துவிட்டாயா என்று. "ஹாங் பையா, கல்தி மேரா தா" என்றாள். தப்பு என்னுடையதுதான்.

அன்று காத்தமுத்து விரல் பஞ்சைப் பார்த்துக் கேட்டார்:

"நம்ம வூட்டு ரத்தம்?"

"நார்மல்" என்றாள்.

டாக்டர் கிருஷ்ணமூர்த்தி லேபுக்குப் பக்கத்து அறையில்தான் இருந்தார். அவர் காதில் விழுந்தால் அன்றைக்கே மெயின்லேண்டுக்கு ரெஃபரல் எழுதிவிடுவார். காத்தமுத்து கரணையைப் போட்டுவிட்டுப் பெட்டி கட்டுவார். சுவர் மழையில் நனையும். ரத்தப் புற்றுக்கு வைத்தியம் பார்க்கப் போய்த் திரும்பாதவர்களை அவள் அறிவாள். அவர்கள் ரத்தத்தைத் தேய்த்த விரல்களே இவை. கூரை ஏறட்டும், ஒரு ராத்திரி படுத்து எழுந்திருக்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். இப்படித்தான் அவள் முடிவெடுத்தாள். நாற்பது நாள்தானே என்று நினைத்தாள்.

அந்த நாற்பது நாளும் லேபில் டீ நேரத்துப் பேச்செல்லாம் அவளுடைய ரிட்டையர்மெண்டைப் பற்றியே இருந்தது. முன்பு ஓய்வு பெற்ற மலையாளி எட்டே மாதத்தில் ஊரிலிருந்து திரும்பி வந்துவிட்டார், அங்கே யாரும் ஹிந்தி பேசுவதில்லை என்று. இன்னொரு வங்காளி அண்ணன் டாலிகஞ்சில் ரத்தம் எடுக்கிற ஒரு சின்ன அறை போட்டிருக்கிறார்.

"நீங்களும் ஒண்ணு போடுங்கக்கா" என்றாள் மீனா. "புரோத்ராபூர்ல லேப் கெடையாது. நான் லீவு நாள்ல வந்து கூட்டிப் பெருக்கறேன்."

"எனக்கு ரத்தமே வேணாம்டி. காலையில எந்திரிச்சா கோழியத் தொறந்து விடணும். அவ்வளவுதான்."

பென்ஷன் காகிதத்தில் ஒட்டியிருந்த ஜோடி போட்டோ தெளிவில்லை என்று ஆபீசில் திருப்பி அனுப்பினார்கள். புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து மறுபடி ஸ்டூடியோவுக்குப் போனார்கள். போட்டோக்காரன் இருவரையும் ஒட்டி உட்காரச் சொன்னான். படத்தைப் பார்த்த காத்தமுத்து முகம் சுளித்தார்.

"என்னா ஒச்சி, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்க? என்னியப் பாரு, ராஜா மாதிரி."

"லைட்டு என் மேல அடிச்சிருச்சு."

"ஒழுங்காச் சாப்புடறதில்ல நீ. வூடு வூடுன்னு எளைச்சுப் போயிட்ட." அவர் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "பென்சன் வர ஆரம்பிச்சதும் தெனம் ஒரு முட்ட. நான் அவிச்சுத் தர்றேன்."

வாசற்படி நான்கு வைப்பதாக இருந்ததை அவள் இரண்டாகக் குறைத்து, பக்கத்தில் பிடித்து ஏற ஒரு குழாயும் வைக்கச் சொன்னாள். ராக்கப்பன் கேலி செய்தான். "நூறு வயசுக்கு இப்பவே பிளான் போடறீங்களா அக்கா?" காத்தமுத்துவும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஆனால் வைத்தார்கள். தினமும் லேபிலிருந்து போன் செய்து அவள் கேட்பது ஒன்றுதான்: "தகரம் வந்துச்சா?"

"ஹட்பே துறைக்குப் போயிட்டு வருதாம் கப்பலு. மூணாந்தேதிங்கிறான்."

"முப்பதாந்தேதின்னாங்களே?"

"மூணு நாள்ல என்னாடி? மழையா கொட்டிரப் போவுது?"

ஏப்ரல் முப்பது வந்தது. தகரம் வரவில்லை.

லேபின் நடு மேசையை ஒழித்து வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். சமோசா, உளுந்து வடை, ஒரு கேக். காத்தமுத்து தும்பைப்பூ வேட்டியில், நெஞ்சில் மாலையோடு, விருந்தாளி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அந்த லேபுக்குள் அவர் வருவது அதுதான் முதல் தடவை. டாக்டர் கிருஷ்ணமூர்த்தி இரண்டு நிமிடம் பேசினார். இத்தனை வருடத்தில் ஒச்சம்மா பார்த்துவிட்டுக் கூப்பிட்டால் அவர் காரணம் கேட்டதில்லை, எழுந்து வந்துவிடுவார் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்போது மீனா ஒரு புதுப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

"கடைசியா ஒரு தடவ! அக்கா விரல்ல தொறந்தாத்தான் இந்த பாட்டிலு ராசி. ஸ்லைட நாங்க பிரேம் போட்டு மாட்டப்போறோம். எல்லாரும் வரிசையா பாக்கணும், சார் மொதல்ல."

கைதட்டல் எழுந்தது. ஒச்சம்மா சிரித்துக்கொண்டே இடது கையைப் பின்னால் மறைத்தாள்.

"இனிமே எதுக்கு என் ரத்தம்? நீதான் இனிமே. ஒன் விரல நீட்டு."

"அதெல்லாம் நாளையிலேர்ந்து. இன்னிக்கு நீங்க."

"வேணாம்டி."

"அட, ஒரு சொட்டு. முப்பத்திரண்டு வருசம் குடுத்தீங்க, இப்பப் போயி கஞ்சத்தனமா?" மீனா விளையாட்டாக அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். வெளியே வந்த கையில், சேலைத் தலைப்பு விலகி, நீலமும் மஞ்சளுமாகக் கன்றிய திட்டுகள் தெரிந்தன. ஒச்சம்மா வெடுக்கென்று கையை உருவிக்கொண்டாள்.

"விடுன்னா விடேன்டி! என் ரத்தத்துல பாத்தா சாயத்து மேல பழி விழும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது கேட்டது. மீனா ஒன்றும் புரியாமல் பாட்டிலோடு நின்றாள். சிலர் சிரித்தார்கள், ஏதோ வேடிக்கை என்று. டாக்டர் சிரிக்கவில்லை. கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்தார். எழுந்துபோய் ரிஜிஸ்தரைப் புரட்டினார். மார்ச் மாதத்தில், அடித்து எழுதிய இரண்டு வரியையும் காலிக் கட்டத்தையும் பார்த்தார். நாற்காலி நுனியில் இருந்த காத்தமுத்து அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒச்சம்மா மீனாவின் விரலைப் பிடித்துத் துடைத்துக் குத்தினாள். துளியைச் சில்லில் எடுத்து ஒரே இழுப்பில் தேய்த்தாள். நகவளைவு மாதிரி, வரியே விழாத ஸ்லைடு. சாயம் போட்டுக் கழுவி, காய்ந்ததும் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள்.

"எவ்வளவு அழகா இருக்கு" என்றாள். "எழுதிக்க. சாயம் நல்லது. மீனா ரத்தம். நார்மல்."

டாக்டர் அவளையும் காத்தமுத்துவையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். "ஒச்சம்மா, இப்பவே ரத்தம் எடுக்கணும்" என்றார். அவள் கையை நீட்டினாள். அவரே எடுத்தார், அவரே பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு காகிதம் இருந்தது.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. பக்கத்து ரூம்ல இருக்கேன். ரெஃபரல் எழுதிட்டேன். சென்னைக்கு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம். மருந்து இருக்கு, பாக்கலாம்."

"சரி சார்" என்றாள், தப்பு செய்த சிறுமி மாதிரி.

பஸ்ஸில் இருவரும் மாலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குவார்ட்டர்ஸ் இருக்கும் டெலானிபூர் ஸ்டாப் வந்தது. காத்தமுத்து எழுந்திருக்கவில்லை. டாலிகஞ்ச் தாண்டியது.

"அன்னிக்கு நார்மல்னு சொன்னியே."

"ஆமா."

"பொய்யா?"

"ஆமா."

கொஞ்ச தூரம் போன பிறகு மறுபடி சொன்னார்: "படி ரெண்டு போதும்ன. குழாய் வைக்கச் சொன்ன. நான் ஒரு மடையன், சிரிச்சுட்டு இருந்தேன்."

"நீங்க சிரிக்கிறதுக்காகத்தான் சொல்லல."

"ரப்பர் பால் தண்ணியா வந்தா ஒரு வெட்டுலயே கண்டுபிடிப்பேன்டி நான். ஆயிரம் மரத்துல எந்த மரம்னு சொல்லுவேன். கூடப் படுத்துருந்தவளக் கண்டுபிடிக்கல." அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

புரோத்ராபூரில் இறங்கியபோது மணி மூன்று இருக்கும். மேகம் ஏறியிருந்தது, ஆனால் காற்றில்லை. சரிவில் அவளை அவர் இரண்டு இடத்தில் நிறுத்தி நிறுத்திக் கூட்டிப்போனார். ராக்கப்பன் சாப்பிடப் போயிருந்தான். வீடு, கதவில்லாமல் கூரையில்லாமல், வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவள் குழாயைப் பிடித்து இரண்டு படியும் ஏறினாள்.

"தகரம் மூணாந்தேதி வந்துருமில்ல?" என்றாள். "போட்டுட்டுப் போவோங்க. ஒரே ஒரு ராத்திரி."

காத்தமுத்து மேகத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். சிமெண்டு மூட்டைகளை மூடியிருந்த நீலத் தார்ப்பாயை உருவி உதறினார். மலைப் பக்க ஜன்னல் இருந்த மூலையில் சுவருக்குச் சுவர் இழுத்துக் கட்டினார். நான்கு மூலையிலும் செங்கல் வைத்தார். கீழே பலகையைப் போட்டு, காலி சிமெண்டுச் சாக்குகளை விரித்து, மேலே தன் புதுத் துண்டைப் போட்டார். நெற்றி வியர்வையை வேட்டியால் துடைத்துக்கொண்டார்.

"இந்தா. கூரை போட்டாச்சு. படு."

"பட்டப் பகல்லயா?"

"ராத்திரிக்கு என்னா தனி ருசியா? ஒன் வூடு. எப்ப வேணா தூங்குவ. யாரு கேக்கறது?"

அவள் சிரித்தாள். பட்டுச் சேலையோடு, மாலையைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தாள். பெரிய ஜன்னல் வழியே பாக்கு மரத் தலைகளும் அதற்கப்பால் மலையும் தெரிந்தன. கொஞ்ச நேரம் எதையும் எண்ணாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண் மூடியது. தார்ப்பாயின் நீலம் அவள் முகத்தில் விழுந்தது.

காத்தமுத்து வாசலில், இரண்டாவது படியில் உட்கார்ந்து போனை எடுத்தார். டிக்கெட் போடுகிற கடைக்காரன் ஹிந்தியில் எடுத்தான். இவர் சத்தம் எழும்பாமல் பேசினார்: சென்னைக்கு, நாளைக்கே, ஃப்ளைட்டில், இரண்டு டிக்கெட். பேஷண்ட் இருக்கு, உட்கார வைக்கிற வண்டி வேணும். பேர் சொன்னார், வயசு சொன்னார். ஒச்சம்மா, அறுபது.

"வாபஸ் பீ கர்னா ஹை?" என்று அவன் கேட்டான். திரும்பி வர்றதுக்கும் போடணுமா?

காத்தமுத்து திரும்பிப் பார்த்தார். அவள் வாய் லேசாகத் திறந்து, ஒருக்களித்து, ஆழமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். முதல் துளி தார்ப்பாயில் விழுந்து தட்டியது. அப்புறம் இன்னொன்று. அவள் அசையவில்லை.

"ஹலோ? பாய் சாப்? வாபஸ்?"

"ஹாங்" என்றார் காத்தமுத்து. மறுபடி சொன்னார். "தோனோ கா. ரெண்டு பேருக்கும் போடு."